மூன்று மணிக் காப்பி

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு எங்கள் வீட்டு மாடியில் இருந்த பெட்டி நின்றுபோனது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கைப்பேசியில் ஹால் கேமராவின் நேரடிக் காட்சியைத் திறந்து வைத்திருந்தேன். படத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு மூலையில் ஓடும் கடிகாரத்தை மட்டும் பார்ப்பது என் வழக்கம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்தக் கடிகாரம் அப்படியே உறைந்தது. அதே நொடியில் சமையலறை ஜன்னல் முழுவதும் வெள்ளையாகி, இடிச் சத்தம் அதற்குப் பின்னால் வந்தது.

நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியின் குன்னூர் அலுவலகத்தில் சர்வர் அறையை மூடுகிறார்கள். இனிமேல் எல்லாக் கோப்புகளும் வெளியே, வாடகை இடத்தில் இருக்குமாம். அறையைக் காலி செய்யும் நாளில் ஒரு சின்ன மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று ரஃபீக் கேட்டார். எனக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர், இப்போது அந்தப் பிரிவுக்குத் தலைவர். டேப்புகளைப் பற்றி ஏதாவது எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் இந்த வியாழக்கிழமை வந்துவிட்டது. மூன்று வாரமாகிறது. இப்போதும் இடி கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

பாலிடெக்னிக் முடித்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தவள் நான். கோவையில் மூன்று மாதப் பயிற்சி. அங்கே கற்றதில் பாதி அடுத்த வருடமே வழக்கொழிந்தது. மீதியைக் கற்றுத் தந்தவர் தேவசகாயம் சார்.

சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குன்னூர்க் குளிரில் இருபது வருடம் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. எங்கள் வேலை, எஸ்டேட் டிவிஷன்களிலிருந்து வரும் இலை எடையைக் கணினியில் ஏற்றுவது. பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே கிலோ. மதிய எடை ஏறி முடிந்து மாலை எடை வருவதற்குள் ஓர் இடைவெளி கிடைக்கும். சரியாக மூன்று மணிக்கு எல்லோரையும் நிரலை விட்டு வெளியே வரச் சொல்லி, சர்வரில் டேப்பைப் போட்டு அன்றைய நகலை எடுப்போம். அதற்கு ‘மூணு மணிக் காப்பி’ என்று பெயர். தேயிலைக் கம்பெனியில் காப்பி குடிக்கிற ஒரே பிரிவு என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

டேப் வெளியே வந்ததும் தேதியைப் பென்சிலால் எழுத வேண்டும். மை என்றால் இந்த ஊர் ஈரத்தில் ஊறிப் பரவிவிடும். பிறகு தேயிலை சாம்பிள் அனுப்பும் அலுமினியத் தாள் பைக்குள் போட்டு, கூடவே ஈரம் உறிஞ்சும் நீல மணிகளின் சின்னப் பொட்டலம் ஒன்றை வைத்து, பையின் வாயைச் சூடு வைத்து ஒட்ட வேண்டும். மணிகள் ரோஜா நிறமாகியிருந்தால் ஹீட்டர் மேல் தட்டில் பரப்பி மறுபடி நீலமாக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒரு பை லாரியில் ஏறி, குந்தா பக்கம் இருக்கும் கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலைக்குப் போகும். “ஒண்ணு வேற மலையில இருக்கட்டும்” என்பார் சார். இந்த மலைக்கு என்ன ஆனாலும் அந்த மலை இருக்கும் என்பது கணக்கு.

இதெல்லாம் எந்த அலுவலகத்திலும் செய்வார்கள். அவர் செய்த இன்னொன்றை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பழைய சாம்பிள் டின்னோடு எங்கள் மேசைக்கு வருவார். அதற்குள் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதியும் ஒரு டிவிஷனும் இருக்கும். டின்னை நீட்டுவார், நாங்கள் ஒன்றை எடுக்க வேண்டும். வாங்கி உரக்கப் படிப்பார். “கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அந்தத் தேதிக்கான டேப்பைத் தேடி எடுத்து, அன்றைய எடையைத் திருப்பி ஏற்றி, அச்செடுத்து அவர் முன்னால் வைக்க வேண்டும். டிவிஷனிலிருந்து வரவழைத்த எடைப் புத்தகத்தின் பக்கத்தோடு அதை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மூலையில் கையெழுத்துப் போடுவார். பாராட்டு கிடையாது.

‘இருக்கு’ என்ற சொல் அவருக்கு ஆகாது. பேக்கப் இருக்குங்க சார் என்று யாராவது சொல்லிவிட்டால், இருக்குறதக் கொண்டு வாங்கம்மா என்பார்.

சேர்ந்த நான்காவது மாதம் முதல்முறையாக நான் சீட்டெடுத்தேன். டேப்பைப் போட்டேன். வெற்று டேப். அடுத்ததைப் போட்டேன், அதுவும் அப்படியே. ஒரு பெட்டி டேப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். டேப்பின் விளிம்பில் எழுதவிடாமல் பூட்டுகிற ஒரு குட்டித் தாழ் உண்டு. அது பூட்டிய நிலையிலேயே எல்லா டேப்பும் போய் வந்திருந்தது. எழுத முடியவில்லை என்று அந்தக் காலத்து நிரல் சொல்லாது. முடிந்தது என்று மட்டும் காட்டும். நானும் பென்சிலால் தேதி எழுதி, நீல மணி வைத்து, பையை ஒட்டி வேறு மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எத்தனை நாளாக என்று கேட்டார். வந்ததிலிருந்து என்றேன். டின்னின் மூடியை மூடினார். கெட்ட நேரம், புதிதாக நகல் எடுப்பதற்குள் சர்வரின் டிஸ்க்கும் பழுதாகி, அச்செடுத்து வைக்காத கடைசி இரண்டு மாத எடைகள் போயேவிட்டன. டிவிஷன்களிலிருந்து எடைப் புத்தகங்களை லாரியில் வரவழைத்து, பக்கத்து நாற்காலியில் அவரே உட்கார்ந்து, பெயரையும் கிலோவையும் வாசித்தார். நான் தட்டினேன். ஒன்பது நாள். எந்தப் பெயரையும் சுருக்கமாட்டார். தகப்பன் பெயரோடு முழுசாக வாசிப்பார். இதை ஒரு கிளார்க் வாசிக்கக் கூடாதா, நீங்கள் எதற்கு என்று ஐந்தாம் நாள் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

“இந்தப் பொம்பள அன்னைக்கு மழையில நின்னு பறிச்சிருக்கா. நாமதான தொலைச்சோம்? பேரைக் கேட்டுக்கிட்டே அடிங்க” என்றார்.

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் நான் இருந்தவரை ஒரு வரிகூடத் தொலைந்ததில்லை. சார் ஓய்வு பெற்றபோது டின் என்னிடம் வந்தது. நானும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதோறும் அதை நீட்டினேன். அக்கா லாட்டரிச் சீட்டோட வந்துட்டாங்க என்று ரஃபீக் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துகொள்வேன்.

ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன். காரணம் என் மகள் மித்ரா. பதினோரு வயதில் அவளுக்கு வலிப்பு ஆரம்பித்தது. இப்போது பதினைந்து. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு வரியை அடித்தாள், ஒரு தேதியைத் திருத்தினாள். கோவை மருத்துவர்கள் கடைசியில் என்ன முடிவு சொன்னார்கள் என்பதை எழுத வேண்டாம் என்றாள். அது அவளுடைய விஷயம்.

வலிப்பு வரும்போது படம் பிடித்து வையுங்கள், நீங்கள் வாயால் சொல்வதைவிட அது எங்களுக்கு உதவும் என்றார் கோவை டாக்டர். கையில் கைப்பேசியை எடுப்பதற்குள் பாதி முடிந்துவிடும். அதனால் ஹாலில் ஒரு கேமரா, அவள் அறையில் கட்டிலை மட்டும் பார்க்கிற மாதிரி ஒன்று, கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தோம். உடை மாற்றும்போது அறைக் கேமராவின் மேல் அவள் துண்டைப் போட்டுவிடுவாள். மூன்றும் இடைவிடாமல் பதிவு செய்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதை இணையத்தில் வேறொருவரின் இடத்தில் போட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டருக்கு வாட்ஸப்பில்கூட அனுப்பியதில்லை. நேரில் போகும்போது என் மடிக்கணினியில் ஏற்றிக் காட்டிவிட்டு, வந்ததும் அழித்துவிடுவேன். என் மகள் தரையில் கிடக்கும் படம் எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதனால் மாடி அலமாரியில் நான்கு டிஸ்க் போட்ட பெட்டியை நானே அமைத்தேன். நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கும். இரண்டு செத்தால் தாங்காது.

இரவும் பகலும் ஓடி, விசிறிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்கு என் கணவர் முருகேசன் வைத்த பெயர் மேலூட்டுக்காரர். “மேலூட்டுக்காரரு வாடகையுந் தர்றதில்ல, கரண்டு பில்லுங் கட்டறதில்ல” என்பார். மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். தினமும் இரண்டரை மணிக்குச் சாப்பிட வருவார்.

பேக்கப்புக்கு இரண்டாவது பெட்டி ஒன்றைச் சமையலறைப் பரணில் வைத்தேன். வீட்டிலேயே ஈரம் குறைந்த இடம் அதுதான். தினமும் மதியம் மூன்று மணிக்கு மாடிப் பெட்டியில் புதிதாக வந்ததை அது நகலெடுக்கும். அந்த நேரம் மித்ரா பள்ளியில் இருப்பாள், பதிவில் முக்கியமானது எதுவும் இருக்காது. உண்மையைச் சொன்னால், மூன்று மணி என்பது என் கைப்பழக்கம். பிறகு மாதம் ஒருமுறை சமையலறைப் பெட்டியிலிருந்து ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுத்து, பிக்கட்டியில் இருக்கும் நாத்தனார் சரோஜாவிடம் கொடுத்து வைப்பேன். அவளும் வீட்டுக்காரரும் கேரட், உருளைக்கிழங்கு விவசாயம். வேற மலையில் ஒண்ணு.

நகல் எடுப்பதில் தவறு நேர்ந்தால் மட்டும் எனக்கு மின்னஞ்சலில் கடிதம் வரும்படி அமைத்திருந்தேன். தினமும் ‘நலம்’ என்று ஒரு கடிதம் வந்தால் ஒரு மாதத்தில் அதைப் படிக்காமல் விட்டுவிடுவோம் என்பது என் அனுபவம். கடிதம் வரவில்லை என்றால் எல்லாம் சரி.

சீட்டு முறையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊறுகாய் பாட்டில் ஒன்றில் தேதிகளை எழுதிப் போட்டேன். முதல் வெள்ளிக்கிழமை ஒரு சீட்டு எடுத்து, சமையலறைப் பெட்டியிலிருந்து அந்த நாளின் கோப்பைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் செய்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

அலுவலகத்தில் சீட்டெடுத்தால் வருவது கிலோ கணக்கு. இங்கே சீட்டெடுத்தால் என் மகள் விழுவதை மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாவது மாதம் எடுத்த சீட்டில் வந்தது, அவள் தலை சீவிக்கொண்டே சரிந்த காலை. சீப்பு முடியிலேயே மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. பாட்டிலை மூடி மேல் தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு காட்சிகளை வெட்டி எடுக்கும்போதுகூடப் படத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் மட்டும் பார்த்து வெட்டினேன். ஆரம்பத்தில் சொன்ன வழக்கம் இதுதான்.

மே பத்தொன்பதாம் தேதி, ஹாலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு வேறு மாதிரியான வலிப்பு வந்தது. சட்டென்று தொடங்கி, நீண்ட நேரம் நீடித்தது. பிறகு அது அடிக்கடி வந்தது. மருந்தை மாற்றினார்கள், நிற்கவில்லை. அறுவை சிகிச்சை செய்யலாமா என்று யோசிக்கலாம் என்றார் டாக்டர். அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, பல மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அவள் விஷயத்தைப் பார்ப்பார்கள். “ஸ்கேன் ஒண்ணு சொல்லுது, இ.இ.ஜி. வேற சொல்லுது. மே மாசத்துல இருந்து வந்ததெல்லாம் கொண்டு வாங்கம்மா. கை மொதல்லயா, கண்ணு மொதல்லயா, அது தெரியணும்” என்றார். அதைத் தவறவிட்டால், அந்தக் குழு மறுபடி கூடுவதற்கு இரண்டு மாதம் ஆகும். அதுவரை அவள் தினமும் விழவேண்டும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு நான்கு நாள் முன்னால் வந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மின்னல் கரண்டு வழியாக வரவில்லை. மாடிப் பெட்டிக்கு நல்ல யூபிஎஸ் உண்டு. கேட் கேமராவிலிருந்து வெளிச்சுவர் ஓரமாகப் பெட்டிக்கு ஒரு கம்பி போகிறது, அதன் வழியாக நேராக வந்துவிட்டது. அந்தக் கம்பியை இழுத்தது நான்தான். மாடிக்குப் போனபோது அலமாரியில் கருகிய வாசனை. நான்கு டிஸ்க்கில் இரண்டு சுற்றவே இல்லை.

அப்போதும் நான் பதறவில்லை. சமையலறைப் பெட்டி இருக்கிறதே. முருகேசன் முதல் இடி உறுமியபோதே அதன் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். அதனால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிளக்கை மாட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. மித்ராவின் கோப்புகள் உள்ள அடைவைத் திறந்தேன். கடைசித் தேதி ஏப்ரல் பதினேழு.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். ஏப்ரல் பதினேழு. சரோஜாவுக்குப் போன் செய்து, அந்த டிஸ்க்கை அவள் வீட்டு லேப்டாப்பில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். நேரமாகும் என்றாள். நான் போனை வைக்கவில்லை. அரிசி டிரம்முக்குள்ளிருந்து எடுத்து, துடைத்து, மாட்டினாள். “அண்ணி, கடைசியா ஏப்ரல்னு போட்டிருக்குதுங்க. சரியாப் பாத்தேனுங்க” என்றாள். சரியாகத்தான் இருக்கும். நகலிலிருந்து எடுத்த நகல்தானே அது.

சனிக்கிழமை காலை ரஃபீக் வந்தார். இரண்டு செத்த டிஸ்க்கையும் தன் கருவியில் மாட்டிப் பார்த்தார், காதருகே வைத்துக் கேட்டார். மீட்டெடுக்கும் கூடம் பெங்களூரில் இருக்கிறது, மூன்று நான்கு வாரமாகும், உறுதி சொல்லமாட்டார்கள் என்றார். பிறகு சமையலறைப் பெட்டியின் குறிப்புகளைப் புரட்டினார். எனக்கே அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அக்கா, இவன் ஏப்ரல் பதினேழுல இருந்து வேலைக்கே வரல” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் திரையை என் பக்கம் திருப்பினார்.

நடந்தது இதுதான். நகலெடுக்கும் வேலை தொடங்கும்போது, ‘வேலை நடக்கிறது’ என்று ஒரு குட்டிக் கோப்பை எழுதி வைக்கும். முடிந்ததும் அதை அழித்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் மோதிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஏப்ரல் பதினேழு மதியம் மூன்று மணி சில நிமிடத்துக்கு நகல் ஓடிக்கொண்டிருந்தபோது இடி இடித்து யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். குட்டிக் கோப்பு அழியவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு வந்த வேலை அதைப் பார்த்து, ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று திரும்பிப் போயிருக்கிறது. அது தவறு என்ற கணக்கில் வராது, அதனால் கடிதமும் இல்லை. இப்படியே ஆறு மாதம். கோடையிலும் ஐப்பசியிலும் இந்த மலையில் இடி வருவதே மதியம் மூன்று மணிவாக்கில்தான். இருபத்தாறு வருடம் இந்த வானத்தின் கீழ் வேலை பார்த்தவள் நான்.

பிளக்கைப் பிடுங்கியது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு மின்னலில் டிவி போனதற்குப் பிறகு ஒட்டியது. ‘இடி கேட்டவுடன் பிடுங்க வேண்டியவை: டிவி, ஃபிரிட்ஜ், சமையலறைப் பெட்டி.’ கடைசிச் சொல்லை மட்டும் வேறு பேனாவில் பிறகு சேர்த்திருக்கிறேன். என் கையெழுத்து.

“நீ எழுதி ஒட்டுனதத்தானே செஞ்சேன்” என்றார் முருகேசன். குரலில் சண்டை இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு, “நாஞ் செய்யாம வுட்டிருந்தா அந்தப் பொட்டியும் போயிருக்குமில்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இத்தனையும் மித்ராவுக்குத் தெரியாமல் நடந்தது. அதாவது, தெரியாமல் நடத்துவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கவலை, தூக்கக் குறைவு இரண்டும் அவளுக்கு ஆகாது. ரஃபீக் வந்தது மோடம் பார்க்க என்றேன். வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்தவளிடம் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினேன். திங்கட்கிழமை விடியற்காலை மலையிறங்க வேண்டும். என் கையில் எதுவும் இல்லை. வாயால் சொல்லலாம் என்றாலும், மே மாதத்திலிருந்து வந்த ஒன்றையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை. அவள் விழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தலையைத் தாங்கியிருக்கிறேன், பக்கவாட்டில் திருப்பியிருக்கிறேன். எது முதலில் என்று டாக்டர் கேட்டால் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

“வியாழக்கெழமையே தெரியும்மா. மேலூட்டுக்காரர் சத்தமில்லையே.”

அவள் அறை அந்த அலமாரிக்கு நேர் கீழே. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். நீங்க ஏஞ் சொல்லல என்றாள். சரியான கேள்விதான். எதிலிருந்து போனது என்று கேட்டாள். ஏப்ரலுக்குப் பிறகு வந்தது எல்லாமே என்றேன்.

“ஷெரின்கிட்ட இருக்கும்மா” என்றாள் மித்ரா.

ஷெரின் அவளுடைய வகுப்புத் தோழி. அருவங்காட்டில் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்ச். நான் வெட்டி வைக்கும் காட்சிகளை மித்ரா மாதம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்துப்போய் அவளிடம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் அவள் அப்பாவின் பழைய லேப்டாப்பில் ஏற்றி வைத்திருக்கிறாள்.

இந்த இடத்தில் எனக்கு வந்தது நிம்மதி என்று எழுதத்தான் ஆசை. வந்தது கோபம். “அவகிட்டக் காட்டுனியா? அதையெல்லாமா?” என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“எம்பக்கத்துல உக்கார்றவ அவதானேம்மா. அது எப்படி ஆரம்பிக்குதுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?” என்றாள். பிறகு, “நானும் பாத்தேன். அல்லாரும் பாத்திருக்கீங்க, எனக்கு மட்டுந்தான் அது தெரியாம இருந்துச்சு. நீங்க பாக்க மாட்டீங்கன்னு தெரியும். வெரல வெச்சு மறைச்சுக்குவீங்க” என்றாள்.

மடியில் இருந்த கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

“கைதாம்மா மொதல்ல. எடது கை. பெருவெரல் உள்ள மடங்கும். அப்பறந்தாங் கண்ணு போகும்” என்று தன் கையை நீட்டி மடக்கிக் காட்டினாள். யாரோ ஒருத்தியின் கையைக் காட்டுவது போல, சாதாரணமாக.

ஷெரினுக்கு மித்ராதான் போன் செய்தாள். டாக்டர் மே பத்தொன்பதிலிருந்து கேட்டிருக்கிறார், பென் டிரைவில் போட்டுக் கொண்டு வர முடியுமா என்றாள். எனக்கு நாக்கு நுனிவரை ஒரு வாக்கியம் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒன்றைத் திறந்து, ஓடுகிறதா என்று பார்க்கச் சொல். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை? பாட்டிலை மூடி வைத்தவள் நான். இன்னொரு வீட்டுப் பெண்ணிடம், அதைப் பார் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

ஷெரின் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாளாம். மூன்று மணி ஆனது. வழியில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை என்று தகவல் வந்தது. நான்கு மணிக்கு முருகேசன் குடையோடு கேட்டில் போய் நின்றார். நான் மூன்று பைகளை எடுத்துவைத்தேன், பிரித்தேன், மறுபடி எடுத்துவைத்தேன். அந்தப் பழைய லேப்டாப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஏற்றியபோது பாதியில் நின்றிருக்கலாம். பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கலாம். நான்கு மாதம் வெற்று டேப்புக்குத் தேதி எழுதியவளுக்கு இந்தச் சந்தேகங்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மித்ரா சோபாவில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஒரு ஸ்கூட்டர் சத்தம். ஷெரினின் அப்பா மரம் விழுந்த இடத்தைச் சுற்றி, மேல் ரோடு வழியாக வந்திருந்தார். ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. முருகேசன் அவருக்குத் துண்டு எடுக்க உள்ளே ஓடினார். பின்னால் இருந்து இறங்கிய பெண் ஒல்லியாக, அவளைவிடப் பெரிய மழைக்கோட்டில் இருந்தாள். பள்ளிவாசலில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பேசியதில்லை. கோட்டுக்குள் கைவிட்டு, அலுமினியத் தாள் தேயிலைப் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். வாயை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. உள்ளே பென் டிரைவ்.

வாங்கிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“மே பத்தொம்பது ஓடுதுங்க ஆன்ட்டி. கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்தேன்.”